பதினேழாம் பெட்டிக் கோழி

மார்ச் 3

தம்பிக்கு,

'அன்புள்ள' என்று எழுதி அடித்திருக்கிறேன். நீ பார்க்க வேண்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

அக்கா ஏன் ஃபோனை எடுப்பதில்லை என்று சித்தியிடம் கேட்டாயாம். எடுத்தால் என்ன நடக்கும்? நான் கத்துவேன், நீ "சரிக்கா" என்பாய். இன்னும் கத்துவேன், இன்னொரு "சரிக்கா" வரும். அந்த இரண்டாவது சரிக்காவில் எனக்கு மண்டை வெடித்துவிடும். ஆகவே எழுது. பேனா பிடித்தாலாவது உனக்கு நாலு வார்த்தை சேர்ந்து வரும்.

பையைத் தூக்கிக்கொண்டு சித்தி வீட்டுக்குக் கிளம்பிய அவசரத்தில் பாதிதான் திட்டினேன். மீதி இதோ. நம் பேட்டையில் தெரு ஓரமாக இடுப்பு உயரத்தில் நிற்கிற கரண்ட் பெட்டிகள் முப்பத்தெட்டு. ஆறு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், சின்ன ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து அந்த முப்பத்தெட்டிலும் படம் வரைந்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். யாரும் என்னைக் கேட்கவும் இல்லை. பிறகு உன் ஆபீசிலிருந்து ஒரு படிவம் வந்தது. எந்தப் பெட்டியில் துரு, எதன் கதவு மூடவில்லை, எதில் படமோ எழுத்தோ இருக்கிறது என்று. மீட்டர் ரீடிங் எடுக்கிற என் சொந்தத் தம்பி ஒன்று விடாமல் நிரப்பி, கோடு அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். அடுத்த வாரமே இரண்டு ஆட்கள் வந்து முப்பத்தெட்டுக்கும் சாம்பல் பெயின்ட் பூசிவிட்டுப் போனார்கள்.

என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லை. படிவத்தின் நகலை மேசையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அதிலும் என்ன எழுதியிருந்தாய்? "பெட்டி 17, தையல் கடை அருகில். படம் உண்டு. கோழி." அது கொக்குடா! தையல் கடைக்குப் பின்னால் வாய்க்கால் திறந்து கிடந்த காலத்தில் தினமும் வந்து ஒற்றைக் காலில் நிற்குமே, அந்தக் கொக்கு. வாய்க்காலுக்கு மேல் சிமென்ட் பலகை போட்டு மூடியதும் வருவதை நிறுத்திக்கொண்டதே என்றுதான் வரைந்தேன். அதை நீ கோழியாக்கிவிட்டாய். அழித்தது கூட அப்புறம்தான் வலித்தது.

இந்த மாதம் இருபத்தொன்பதாம் தேதி என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பஸ் டிப்போ மதிலில் படம் வரைய ஆள் தேர்ந்தெடுக்கிற குழு நம் தெருக்களில் நடந்து பார்க்க வருகிற நாள். நூற்றியிருபது அடி மதில். ஒன்பது வருஷமாகக் கடை ஷட்டரில் 'இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படும்' என்று எழுதிக்கொண்டிருக்கிறவளுக்கு முதல்முறையாக ஒரு மதில். என் பெட்டிகளைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக இருந்தார்கள். இனி எதைப் பார்ப்பார்கள்? என்னிடம் ஒரு ஃபோட்டோ கூடக் கிடையாது. தெருவில் இருப்பதைத் தெருவில் வந்துதான் பார்க்க வேண்டும் என்று பெரிய கொள்கை வேறு வைத்திருந்தேனே.

ஒரு காரியம் செய். ரீடிங் மெஷினை வீட்டில் வைத்துவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்து பார். எங்காவது ஒரு பெட்டி தப்பியிருக்கிறதா என்று எழுது. தப்பியிருக்காது. உன் வேலைதான் சுத்தமான வேலையாயிற்றே.

அக்கா

*

மார்ச் 8

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இன்று நடந்தேன். 1 முதல் 38 வரை எல்லாம் சாம்பல். ஒன்றும் தப்பவில்லை. 31-இல் மட்டும் பூச்சு மெலிசு. வெயில் பட்டால் அடியில் ஏதோ சிவப்பாகத் தெரிகிறது. அது குடையா, தொப்பியா என்று தெரியவில்லை. தப்பாக எழுதினால் திட்டுவாய் என்பதால் 'சிவப்பு' என்று மட்டும் எழுதுகிறேன்.

மெஷின் இல்லாமல் நடப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின்னால் கட்டினேன். பார்த்தவர்கள் "என்ன, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள். நான்கு வீட்டுக்காரர்கள் என்னைப் பார்த்ததும் நாயைப் பிடித்துக் கட்டி, மீட்டர் இருக்கும் அறையைத் திறந்துவிட்டார்கள். இல்லை, இன்று சும்மா வந்தேன் என்றால் யாரும் நம்பவில்லை.

நீ பார்க்கச் சொன்னதால் பார்த்ததை எழுதுகிறேன். பேக்கரி அம்மா வாசல் படியில் உட்கார்ந்து பழைய தட்டுகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். சைக்கிள் கடையில் ஒரு டியூப் தண்ணீர்த் தொட்டியில் குமிழி விட்டுக்கொண்டிருந்தது, கடைக்காரரைக் காணோம். இஸ்திரிக் கடைக்காரர் வேலையை விட்டுவிட்டு எதிர்வீட்டு மாடியில் காய்கிற சட்டையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அந்தக் காலர் நம்ம கைபட்டது இல்ல. வேற எங்கயோ குடுக்கறாங்க" என்றார். இருபத்தோரு வருடமாக இந்தத் தெருக்களில் நடக்கிறேன். இதெல்லாம் தினமும் நடக்கிறதா என்று தெரியவில்லை.

படிவம் பற்றி. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ஒரு கட்டம் காலியாக இருந்தால் எனக்குச் சோறு இறங்காது. உனக்குத் தெரியும். வீடு பூட்டியிருந்தால்தான் 'பூட்டியிருந்தது' என்று எழுதுவேன். அப்படி எழுதும்படி ஆகக் கூடாது என்றே முதல்நாள் போய் "நாளைக்கு வர்றேன்" என்று சொல்லிவைக்கிறவன் நான். 'படம் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். உண்டு. உண்டு என்று எழுதினேன். எதற்குக் கேட்கிறார்கள் என்று யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. அது தப்புதான்.

இன்னொன்று. சலூனில் கண்ணாடிச் சட்டத்தில் ஒரு ஃபோட்டோ செருகியிருக்கிறது. சலூன்காரர் மகள் முதல்நாள் பள்ளிக்கூடம் போகிறபோது எடுத்தது. பின்னால் 4-ஆம் பெட்டி. உன் படத்தில் ஒரு மூலை தெரிகிறது. இதுபோல மற்ற வீடுகளிலும் இருக்கலாம். கேட்கட்டுமா?

தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

கேட்கட்டுமா என்று என்னைக் கேட்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லையா? படிவம் கொடுக்கிறபோது கேட்டாயா?

கேள். வேறு வழி? ஆனால் எனக்கு நம்பிக்கை இல்லை. குழந்தையை ஃபோட்டோ எடுக்கிறவன் குழந்தையைத்தான் எடுப்பான். பின்னால் இருக்கிற பெட்டியையா எடுப்பான்?

31-இல் இருந்தது குடை. மடக்கிய சிவப்புக் குடை. அதற்கு எதிரே மழையில் ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவர்கள் ஒண்ட இடமில்லாமல் பெட்டியோடு பெட்டியாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் குடை. 4-இல் இருந்தது கொட்டாவி விடுகிற வாய். சலூன் திறக்கக் காத்திருக்கிறவர்கள் எல்லோரும் அங்கே சாய்ந்து கொட்டாவி விடுவார்கள். 22-இல் சாவிக் கொத்து, ஏனென்றால் பூட்டுக்கடை. இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது பார், அதுதான் எனக்கு ஆறமாட்டேன் என்கிறது. நான் எங்கேயும் சும்மா வரையவில்லை. யார் எங்கே நிற்கிறார்கள், எதில் சாய்கிறார்கள் என்று பார்த்துப் பார்த்து வரைந்தேன். அந்தப் பெட்டிகளை மாதம் ஒருமுறை தாண்டிப் போன நீ, ஆறு வருஷத்தில் ஒன்றைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோழி என்று எழுதியிருப்பாயா?

சித்தப்பா தினமும் சாப்பிடும்போது, "கவர்மென்ட் பெட்டியில வரைஞ்சா அழிக்கத்தான செய்வாங்க" என்கிறார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுகிறேன். இங்கே ஒரு கிளினிக் பெயர்ப்பலகை எழுதுகிறேன். டாக்டருக்கு அவர் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் போதவில்லை.

கிடைத்த வரையில் சீக்கிரம் அனுப்பு. மடிக்காமல், அட்டை வைத்து அனுப்பு.

அக்கா

*

மார்ச் 18

அக்காவுக்கு,

இத்துடன் 26 படங்கள். 19 பெட்டிகள் சேர்ந்திருக்கின்றன. பின்பக்கம் பென்சிலால் பெட்டி எண் எழுதியிருக்கிறேன். இன்னும் 19 கிடைக்கவில்லை.

இதைப் பார்த்ததும் உனக்குக் கோபம் வரும். எனக்கே வந்தது. நம் தெருவில் ஒருவருக்காவது கொஞ்சம் தள்ளி நிற்கத் தெரியவில்லை. பைக் விற்பதற்காக ஒருவர் பைக்கைப் படம் எடுத்திருக்கிறார். பைக் முழுசாக விழுந்திருக்கிறது, சாவிக் கொத்தில் ஒரு சாவிதான் தெரிகிறது. பேக்கரி அம்மாவும் அவர் தங்கையும் 9-க்கு முன்னால் தோளோடு தோள் நிற்கிறார்கள். நடுவில் விரல்கடை இடைவெளி, அதில் உன் பச்சை. தையல்காரர் புது மெஷின் வாங்கிய அன்று எடுத்த படத்தில் கொக்கின் தலையும் கழுத்தும் இருக்கின்றன, உடம்பு முழுக்க மெஷின். காணாமல் போன நாய்க்கு ஒட்டிய நோட்டீசிலும் ஒரு பெட்டி இருந்தது. நாய் கிடைத்துவிட்டதாம். நோட்டீசைக் கேட்டு வாங்கினேன்.

வீடு வீடாகப் போய்க் கேட்பது லேசான காரியம் இல்லை. ரீடிங் என்றால் இரண்டு நிமிடம். ஃபோட்டோ என்றால் ஆல்பம் வருகிறது, பின்னாலேயே டீ வருகிறது, பிறகு யார் யாருக்கு என்ன உறவு என்ற கதை வருகிறது. மாடி வீட்டு வாத்தியார் வீட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தேன். கடைசியில் அவர், "பெட்டியா? அந்தப் பக்கம் நாங்க எடுக்கவே இல்லையே" என்றார்.

இனி என் பக்கம். நீ பார்க்கவில்லை, பார்க்கவில்லை என்கிறாய். சரி. ஆறு வருஷமாகக் கூடத்தில் டர்பன்டைன் வாடையில் சாப்பிட்டவன் நான். உன் பிரஷ் கழுவின பாத்திரத்தில் தெரியாமல் தண்ணீர் குடித்தவனும் நான்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது, "வாடா, போய்ப் பாத்துட்டு வரலாம்" என்று கூப்பிட்டாயா? நான் கேட்டால், "உனக்கு இதெல்லாம் புரியாது, போ" என்பாய். புரியாது என்று நீயே சொன்ன ஆளிடம் இப்போது ஏன் பார்க்கவில்லை என்று கேட்கிறாய்.

ஆபீசிலும் கேட்டார்கள். "வரைஞ்சது உங்க அக்காவாமே?" என்று சூப்பர்வைசர் எல்லோர் எதிரிலும் கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் ஏன்யா எழுதிக் குடுத்த?" என்றார். மெஷினை எடுத்துக்கொண்டு ரீடிங்குக்குக் கிளம்பினேன்.

கொக்கின் கண் மஞ்சள் என்று இப்போதுதான் பார்த்தேன்.

தம்பி

*

மார்ச் 22

தம்பிக்கு,

படங்கள் வந்தன. தரையில் பரப்பிவைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். பார்க்கப் பார்க்க அழுகையும் வந்தது, எரிச்சலும் வந்தது. எருமை மாதிரி வந்து நிற்கிறார்கள் ஒவ்வொருவரும்! ஆறு வருஷ வேலையில் மிஞ்சியது ஒரு சாவி, கால் கொட்டாவி, விரல்கடைப் பச்சை. இதைக் குழுவிடம் காட்டினால் சிரிப்பார்கள்.

கூப்பிடவில்லை என்று எழுதியிருக்கிறாய். கூப்பிட்டால் வந்திருப்பாயா என்று சண்டை போட ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். கூப்பிடவில்லை, உண்மைதான்.

இருபத்தொன்பதாம் தேதி நான் வர மாட்டேன். சாம்பல் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, "இங்கே ஒரு கொக்கு இருந்தது, நம்புங்கள்" என்று என்னால் கெஞ்ச முடியாது. நீ கூட்டிக்கொண்டு போ. அழிப்பதற்கு வழிகாட்டியவன் நீ, அழிந்ததைக் காட்டவும் நீயே போ. படங்களைத் திருப்பி அனுப்புகிறேன். எந்தப் பெட்டியில் என்ன இருந்தது, ஏன் இருந்தது என்று முப்பத்தெட்டுக்கும் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். பார்த்து வாசித்தால் போதும். சொந்தமாக எதுவும் சேர்க்காதே.

சட்டையை இஸ்திரி போட்டுக்கொள். நம்ம இஸ்திரிக் கடையிலேயே கொடு.

அக்கா

*

மார்ச் 30

அக்காவுக்கு,

நேற்று மூன்று பேர் வந்தார்கள். தலைவர் ஒரு அம்மா, நல்ல உயரம், வெயிலுக்குத் தொப்பி. ஒருவர் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். மூன்றாமவர் ஃபோனை விட்டுத் தலை தூக்கவில்லை. காலை ஏழரைக்கு ஆரம்பித்தோம்.

முதல் மூன்று பெட்டிகளுக்கு உன் தாளைப் பார்த்து வாசித்தேன். 4-இல் சலூன்காரர் நின்றிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் அவரே, "இங்க ஒரு வாய் இருந்துச்சும்மா. அதப் பாத்தா நமக்கும் கொட்டாவி வந்துரும்" என்று வாயைத் திறந்து காட்டினார். அந்த அம்மாவுக்கு நிஜமாகவே கொட்டாவி வந்துவிட்டது. அதன்பிறகு நான் வாசித்தது குறைவு. நான் வருவதை முதல்நாள் போய்ச் சொல்லிவைத்திருந்தேன், வழக்கம்போல. அதனால் எல்லோரும் வாசலில் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். சாவி மூன்றா நான்கா என்று பூட்டுக்கடைக்காரரும் அவர் மனைவியும் எங்கள் எதிரிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். உன் தாளில் பார்த்து ஐந்து என்றேன். இருவருக்கும் என் மேல் கோபம்.

17-இல் தையல்காரர் எழுந்து போய், மூடிய வாய்க்காலின் பலகையில் ஒற்றைக் காலில் நின்று காட்டினார். அறுபது வயது மனிதர். கீழே விழப்போனார், பிடித்தேன்.

தலைவர் அம்மா கேட்டார், "எல்லா பெட்டியும் எப்படி ஒரே வாரத்துல சரியா கண்டுபிடிச்சு அடிச்சாங்க?" நோட்டுக்காரர் எழுதுவதை நிறுத்தினார். நான் சொல்லாமல் இருந்திருக்கலாம். "லிஸ்ட் குடுத்தது நான்தாங்க. வரைஞ்சவங்களோட தம்பி" என்றேன். மீதி இருபத்தொரு பெட்டிக்கும் அந்த அம்மா என் முகத்தைப் பார்க்காமலே நடந்தார்.

படங்களைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். முடிவு கடிதத்தில் வருமாம். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

வந்துவிட்டது. மதில் எனக்கு இல்லை. அவர்கள் எழுதியதை அப்படியே எழுதுகிறேன்: "தாங்கள் அளித்த படங்களில் ஓவியங்களைவிட மனிதர்களே அதிகம் தெரிகிறார்கள். எந்த ஓவியத்தையும் முழுமையாகப் பார்க்க இயலவில்லை. வருந்துகிறோம்."

வருந்துகிறார்களாம்.

உன்னைத் திட்டலாம் என்று உட்கார்ந்தேன். திட்டவும் தெம்பில்லை. கிளினிக் பலகை முடிந்து, பக்கத்தில் ஒரு மருந்துக்கடை, அதற்கடுத்து ஒரு லேப். இங்கே எழுத்து வேலைக்குக் குறைவில்லை. நான் இங்கேயே இருந்துகொள்கிறேன். பரண்மேல் என் பெயின்ட் டப்பாக்கள் பதினொன்று இருக்கும். யாருக்காவது கொடுத்துவிடு, இல்லையென்றால் காய்ந்து கல்லாகிவிடும். பிரஷ்களைத் தூக்கிப்போடு.

இனி நான் எதிலும் படம் வரையப்போவதில்லை. இதைச் சமாதானம் செய்ய வேண்டும் என்று நினைத்து எதுவும் எழுதாதே.

அக்கா

*

ஏப்ரல் 19

அக்காவுக்கு,

சமாதானம் செய்யவில்லை. ஒரு தகவல் மட்டும்.

17-ஆம் பெட்டியில் யாரோ ஒரு கொக்கு வரைந்திருக்கிறார்கள். சாம்பல் பெயின்டுக்கு மேலேயே. சகிக்கவில்லை. அலகு கரண்டி மாதிரி இருக்கிறது. கழுத்து குழாய் மாதிரி நேராக நிற்கிறது. தூக்கிய காலையும் ஊன்றிய காலையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, வால் என்று நினைத்து வரைந்திருக்கலாம். கண் மட்டும் மஞ்சள்.

தையல்காரர், "நல்லாத்தான இருக்கு" என்கிறார். எனக்கு அந்த வழியாகப் போகவே எரிச்சலாக இருக்கிறது. உன் கொக்கின் கழுத்து இப்படி இல்லை என்று தெரிகிறது, ஆனால் எப்படி இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஃபோட்டோவை வைத்துக்கொண்டு எதிரில் நின்றும் பார்த்தேன்.

டப்பாக்களை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை. ஆள் கிடைக்கவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 22

தம்பிக்கு,

எந்த மடையன் அவன்? கொக்கின் கழுத்து இரண்டு இடத்தில் வளையும். முதலில் பின்னால் போகும், பிறகு முன்னால் வரும். அலகு கத்தி மாதிரி நீளமாக, நுனியில் கூர்மையாக இருக்க வேண்டும். முதலில் உடம்பை எலுமிச்சம்பழம் அளவுக்குப் போட்டுக்கொண்டு, அப்புறம் கழுத்துக்குப் போக வேண்டும். நேரே கழுத்தில் ஆரம்பித்தால் குழாய்தான் வரும். இரும்பில் வரைகிறபோது உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல் பூசினால் ஒரே மழையில் உரிந்துவிடும், அதையும் சொல். அந்த மூன்றாவது காலை இன்றைக்கே அழிக்கச் சொல். என் கொக்கை இப்படிக் கேவலப்படுத்த அவனுக்கு யார் உரிமை கொடுத்தது?

நான் வரைய மாட்டேன் என்றேன். மற்றவர்கள் கண்டபடி வரையலாம் என்று சொல்லவில்லை.

அக்கா

*

மே 2

அக்காவுக்கு,

அந்த மடையனிடம் சொல்லிவிட்டேன். உப்புத்தாள் வாங்கித் தேய்த்தான். எலுமிச்சம்பழத்தில் ஆரம்பித்தான். கழுத்து இப்போது மூன்று இடத்தில் வளைகிறது. அவனுக்கு இருபத்தோரு வருடமாக எண் மட்டும் எழுதிப் பழகிய கை. காலை ஐந்தரைக்கு எழுந்து, பரண்மேலிருந்து உன் வெள்ளை டப்பாவையும் மஞ்சள் டப்பாவையும் இறக்கி, உன் ஸ்டூலில் உட்கார்ந்துதான் வரைந்தான். தூக்கிப்போடச் சொன்ன பிரஷ்ஷும் அவனிடம்தான் இருக்கிறது. திட்டுவதென்றால் நேரில் திட்டு.

அதோடு நிற்கவில்லை. அதைப் பார்த்துவிட்டு மற்றவர்களும் ஆரம்பித்துவிட்டார்கள். சலூன்காரர் ஒரு வாய் வரைந்திருக்கிறார், பல் வைத்தியர் விளம்பரம் மாதிரி முப்பத்திரண்டு பல்லோடு. பூட்டுக்கடையில் மூன்று சாவி, அவர் மனைவி கீழே நான்காவதைச் சேர்த்திருக்கிறார். பேக்கரி அம்மா பச்சையாக ஏதோ பூசியிருக்கிறார், கேட்டால், "நடுவுல பச்சை இருந்துச்சுல்ல?" என்கிறார். மொத்தம் ஒன்பது பெட்டி. ஒன்பதும் கண்றாவி. தினமும் பார்த்துக்கொண்டு நடக்கிறேன், வயிறு எரிகிறது.

இனிதான் விஷயம். ஆபீசிலிருந்து மறுபடியும் அதே படிவம் வந்தது. மறு ஆய்வாம். பூசிய பெயின்ட் நிற்கிறதா, துரு உண்டா, படம் உண்டா. பொய் எழுத எனக்கு வராது. உண்மை எழுதினால் மறுபடி சாம்பல். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

வழக்கம்போல முதல்நாள் எல்லோரிடமும் போய், "நாளைக்குப் பெட்டி பாக்க வர்றேன். படிவம் வந்திருக்கு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியம்.

நேற்றுக் காலை போனேன். 4-இல் சலூன்காரர் பெட்டியின் மேலேயே ஏறி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். துண்டு முன்பக்கம் முழுக்கத் தொங்கியது. "கொஞ்சம் நகருங்க" என்றேன். "முதுகு வலிக்குதுப்பா, எந்திரிக்க முடியல" என்றார். 9-இல் பேக்கரி அம்மாவும் தங்கையும் தோளோடு தோள். இந்தத் தடவை விரல்கடை இடைவெளியும் இல்லை. 22-இல் விற்றுப்போன அந்தப் பைக்கை எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தி, அதில் சாய்ந்து நின்றிருந்தார்கள். 31-இல் வெயில் நாளில் ஒரு பெண் குடையை விரித்துக்கொண்டு ஆட்டோவுக்குக் காத்திருந்தாள். ஆட்டோ மூன்று போனது, ஏறவில்லை. 17-இல் தையல்காரர் கடைக்குள் இருந்த வெட்டுமேசையைத் தெருவுக்கே இழுத்துப்போட்டு, பெட்டியோடு ஒட்டி, அதன்மேல் துணிக்கட்டை மலையாக அடுக்கி, முன்னால் நின்றிருந்தார்.

அக்கா, பார்க்காததைப் பார்த்ததாக நான் எழுதியதே இல்லை. ஒன்பது கட்டத்திலும் நடந்ததை எழுதினேன்: "பார்க்க இயலவில்லை. முன்னால் ஆள் நின்றிருந்தார்." மற்ற இருபத்தொன்பதுக்கும் "படம் இல்லை."

சூப்பர்வைசர் படித்துப் பார்த்தார். "ஒம்பது பெட்டியிலயுமா ஆள் நின்னாங்க?" என்றார். "ஆமா சார்." "நகரச் சொல்ல வேண்டியதுதான?" "சொன்னேன் சார். நகரல. வீடு பூட்டியிருந்தா பூட்டையா உடைக்கிறோம்?" அவர் கையெழுத்துப் போட்டுக் கோப்பில் வைத்துவிட்டார்.

ஓவியங்களைவிட மனிதர்களே அதிகம் தெரிகிறார்கள் என்று அந்தக் குழு எழுதியதை நேற்றிலிருந்து நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எனக்குப் படம் புரியாது, ஆனாலும் அது அவ்வளவு மோசமான விஷயமாகத் தெரியவில்லை.

இந்த ஒன்பதையும் இப்படியே விட்டுவைக்க என்னால் முடியாது. எனக்குத் திருத்தவும் தெரியவில்லை.

தம்பி

*

மே 6

அன்புள்ள தம்பிக்கு,

லேப் பலகையில் ஒரு எழுத்து பாக்கி. முடித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வராதே, 1-ஆம் பெட்டியில் நில். அங்கிருந்து இரண்டு பேரும் நடக்கலாம்.

சலூன்காரர் பல்லில் யாரும் கை வைக்க வேண்டாம், நான் பார்க்க வேண்டும். அந்த மடையனின் கொக்கையும் யாரும் தொடக் கூடாது.

தையல்காரரிடம் அந்த மேசையைக் கொஞ்சம் நகர்த்தச் சொல். எனக்கு மட்டும்.

அக்கா